பஞ்சவர்ணக்கிளியும் வெளிநாட்டவர் டிக்கெட்டும்

நான் வாழும் நார்வேயின் த்ரோன்ஹைம் நகரில் குளிர்காலம் தொடங்கிவிட்டால் எல்லார் வீட்டுப் பால்கனியிலும் கொழுப்பு உருண்டைகள் தொங்க ஆரம்பித்துவிடும். தானியத்தைக் கொழுப்போடு பிசைந்து, எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி, சின்ன வலைப்பையில் கட்டிக் கடைகளில் விற்கிறார்கள். மைசெபொல்லெ என்று பெயர். பறவைகளுக்கான ரேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த முதல் வருடம் எனக்கு இது தெரியாது. ஒரு அமாவாசையன்று நம் வழக்கப்படி ஒரு கைப்பிடி சாதத்தில் பருப்பும் நெய்யும் விட்டுப் பால்கனிச் சுவரில் வைத்து, கா கா என்று கூப்பிட்டேன். அந்த ஊரிலும் காக்கை உண்டு, சாம்பல் நிறத்தில் ஸ்வெட்டர் போட்டது போல இருக்கும். அது வரவில்லை. பக்கத்து வீட்டு இங்கர்தான் வந்தாள். யாருக்கு இந்தச் சாப்பாடு என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த அரைகுறை நார்வேஜிய மொழியில், என் தாத்தாவுக்கும் அவருடைய அப்பாவுக்கும் என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அவர்கள் எத்தனை நாள் தங்குவார்கள் என்று மரியாதையாகக் கேட்டாள். விருந்தாளிகளின் காருக்கு முன்கூட்டியே இடம் பதிவு செய்ய வேண்டுமாம்.

அந்த வாரமே நானும் மைசெபொல்லெ வாங்கித் தொங்கவிட்டேன். சிட்டுக் குருவியை விடச் சின்னதாக, மஞ்சள் வயிற்றோடு ஒரு பறவை வந்து தலைகீழாகத் தொங்கிச் சாப்பிட்டது. அதைப் போனில் படம் எடுத்தேன். பிறகு ஒரு பழைய கேமரா, பிறகு அதற்கு ஒரு நீள லென்ஸ், பிறகு மூன்று கால் ஸ்டாண்டு என்று பைத்தியம் முற்றியது. வெளிநாடு போனவர்களுக்கு ஆளுக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். சிலர் ரொட்டி சுடுவார்கள், சிலர் திடீரென்று கோலம் கற்றுக்கொள்வார்கள். எனக்குப் பறவை.

இந்த முறை விடுமுறைக்கு ஆவடி வந்தபோது கேமராவோடு இன்னொன்றையும் கொண்டுவந்திருந்தேன். அது கைப்பையின் உள்ஜிப்பில் இருந்தது. சிவப்பு அட்டை போட்ட நார்வே பாஸ்போர்ட். ஏழு மாதங்களாக நான் இந்தியக் குடிமகள் இல்லை. வேலைக்காக அடிக்கடி நாடு விட்டு நாடு போகவேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும் விசாவுக்கு நின்று சலித்துவிட்டது என்று எல்லாரிடமும் சொல்வேன். உண்மைதான். ஆனால் அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போயிற்று என்பதும் உண்மை, அதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. குடியுரிமை தரும் விழாவில் ஒரு அதிகாரி அம்மாள் என் கையைக் குலுக்கி, இப்போது எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார். பதற்றத்தில் காலையிலிருந்து சாப்பிடவில்லை. பசிக்கிறது என்றேன். மண்டபமே சிரித்தது. நான் ஜோக் அடித்ததாக நினைத்து ஒரு துண்டு கேக் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

அம்மாவுக்கு விஷயம் தெரியும். போனில் சொன்னபோது, "எனக்கு இன்னாம்மா, நீ நல்லா இருந்தா சரி. ஆனா உங்க நைனாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லிக்கோ" என்று கழன்றுகொண்டாள். நைனாவிடம் சொல்வதற்கு எனக்குப் பயமாக இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் தாத்தா முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் பிறர் வயலில் கூலி வேலை செய்தவர். அந்தக் குடும்பத்திலிருந்து முதல் ஆளாக நைனா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக்குள் போனார். முப்பத்தாறு வருடம். போட்டோ ஒட்டிய கேட் பாஸ்தான் எங்களுக்குக் குவார்ட்டர்ஸையும், பள்ளிக்கூடத்தையும், ஊரில் ஒரு மரியாதையையும் வாங்கித் தந்தது. பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்த அந்தப் பாஸைக் குளித்துவிட்டுத்தான் தொடுவார். அதில் 'இந்திய அரசு' என்று எழுதியிருந்தது. அவரைப் பொறுத்தவரை இந்தியா என்பது வரைபடம் இல்லை, சோறு போட்டவர். அவர் மகள் அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இதைக் கேட்டதும் அவர் என்னை யாரோ போலப் பார்த்துவிடுவாரோ என்பதுதான் என் பயம். வந்து ஒன்பது நாள் ஆகியும் வாய் திறக்கவில்லை. இரண்டு நாளில் விமானம்.

இதில் சிரிப்பு என்னவென்றால், நான் சொந்த ஊருக்குச் சுற்றுலா விசாவில் வந்திருந்தேன். வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில் 'சுற்றிப் பார்க்க' என்று குறித்திருந்தேன். ஒன்பது நாளும் வீட்டில் படுத்து வஞ்சிரம் வறுவல் தின்றதைத் தவிர எதையும் சுற்றிப் பார்க்கவில்லை. அரசாங்கத்துக்குப் பொய் சொன்னதாக ஆகிவிடுமே என்று ஒரு குறுகுறுப்பு. நானும் நைனாவின் மகள்தானே. அம்மா குமணன்சாவடியில் அத்தை பேத்தியின் வளைகாப்புக்குக் கிளம்பினாள். நான் நைனாவிடம், உயிரியல் பூங்காவுக்குப் போகலாமா, வெளிநாட்டுப் பறவைகளையெல்லாம் படம் எடுக்கவேண்டும் என்றேன். "வெளிநாட்டுலருந்து வந்து வெளிநாட்டுப் பறவைய பாக்கணும்ன்றியா? சரி, நட" என்று உடனே வேட்டியை மாற்றினார்.

கேமராவோடு நைனா கிளம்புவதே எங்கள் வீட்டில் ஒரு சரித்திரச் சம்பவம். நான் ஆறாவது படிக்கும்போது அத்தை வீட்டுக் கேமரா ஒன்று குவார்ட்டர்ஸுக்கு வந்தது. அத்தை மகள் வசந்தாவைப் பட்டுப் புடவையில் நிற்கவைத்து, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப ஏழெட்டுப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். அப்போது தொழிற்சாலை மதில்மேல் ஒரு மயில் வந்து உட்கார்ந்தது. நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடி, மிச்சமிருந்த ஃபிலிம் முழுவதையும் அந்த மயிலின்மேல் செலவழித்தேன். மதிலில் மூன்று மொழிகளில் படம் எடுக்கத் தடை என்று எழுதியிருந்ததை நான் கவனிக்கவில்லை. வேலை முடிந்து வந்த நைனா பார்த்துவிட்டார். கேமராவைத் திறந்து, சுருளை உருவி, வெயிலில் நீட்டிக் காட்டினார். மயிலோடு வசந்தாவும் வெயிலில் போனாள். அதோடு விட்டாரா, நேராகப் பாதுகாப்பு அதிகாரியிடம் போய், "என் பொண்ணு மயில போட்டோ புடிச்சிட்டா சார், ஃபிலிம அழிச்சிட்டேன்" என்று தானே ஒப்புக்கொடுத்துவிட்டு வந்தார். அந்த அதிகாரி சிரித்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். அத்தை இரண்டு வருடம் எங்களோடு பேசவில்லை. படம் இல்லாததால் மாப்பிள்ளையே நேரில் வந்து பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டது தனிக் கதை.

அப்படிப்பட்டவர் இப்போது என் ஸ்டாண்டை ஒரு லுங்கியில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு ஆவடியில் பஸ் ஏறினார். பூந்தமல்லியில் இறங்கி வேறு பஸ். கண்டக்டர், "இன்னா பெர்சு, துப்பாக்கியா?" என்றார். "கேமரா ஸ்டாண்டுப்பா. என் பொண்ணுது. நார்வேல கீது" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். வெளிவட்டச் சாலையில் பஸ் பறந்தது. நைனா ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணில் பட்ட கொக்குகளையெல்லாம் எனக்குக் காட்டி, "இத எடு, அத எடு" என்று வழி நெடுக வேலை வாங்கினார்.

பூங்கா வாசலில் நைனா வழக்கம்போல விதிமுறைப் பலகையின் முன்னால் நின்றுவிட்டார். எங்கே போனாலும் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த பிறகுதான் உள்ளே வருவார். நான் டிக்கெட் வாங்கப் போனேன். கவுண்டரின் மேல் இரண்டு கட்டணம் எழுதியிருந்தது, இரண்டாவது பல மடங்கு அதிகம். இந்தியர். வெளிநாட்டவர். கவுண்டரில் இருந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "எத்தினி பேரு?" என்றார். "ரெண்டு பேரு, ஒரு கேமரா" என்றேன். இரண்டு இந்தியர் டிக்கெட்டும் ஒரு கேமரா டிக்கெட்டும் வந்தன. நான் பொய் எதுவும் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இப்படி எனக்கு நானே நாலைந்து தடவை சொல்லிக்கொண்டேன்.

உள்ளே போன பிறகு எல்லாம் மறந்துபோயிற்று. பறவைக் கூண்டுகளின் வரிசையில் முதலில் இருந்தது சீனத்துப் பொன்வண்ணக் கோழி. கல்யாண மண்டபத்துக்குத் தயாராக நிற்பது போல, தலையில் தங்க நிறக் கொண்டையும் கழுத்தில் கறுப்புக் கோடு போட்ட துப்பட்டாவும். கூண்டுப் பறவையைப் படம் எடுக்க ஒரு வழி உண்டு. லென்ஸைக் கம்பி வலையோடு ஒட்டி வைத்து, வெளிச்சத் துளையை முழுக்கத் திறந்து, பறவை வலையை விட்டுத் தள்ளிப் போகும்வரை காத்திருக்க வேண்டும். அப்போது படத்தில் வலை விழாது. எடுத்துக் காட்டினேன். நைனா திரையைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "வல எங்க போச்சி?" என்றார். விளக்கிச் சொன்னேன். "அட்டகாசம்மா. சொம்மா காட்டுல நிக்கறாப்போல கீது" என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்து வருடக்கணக்காகிறது.

அதற்குப் பிறகு கேமரா என் கையில் தங்கவில்லை. நெருப்புக்கோழியை எடுத்தார். வெள்ளைக் கொண்டைக்கிளியை எடுத்தார். கறுப்பு அன்னம் தண்ணீருக்குள் தலையை விட்ட நேரம் பார்த்து அதன் பின்புறத்தை மட்டும் பதினோரு தடவை எடுத்தார். "ஏ ராஜா, இப்டி திரும்பு. தோ, இங்க பாரு. கொஞ்சம் சிரி" என்று ஒவ்வொரு பறவையையும் மாப்பிள்ளை போல் நடத்தினார். அம்பத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்களைக் காசு வாங்கிப் படம் எடுக்கும் ஆட்கள் என்று நினைத்துவிட்டது. "அண்ணே, கொழந்தையும் கொண்டைக்கிளியும் ஒண்ணா வர்ற மாதிரி ஒண்ணு எடுங்க. கையோட பிரிண்டு குடுப்பீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். நைனா மறுத்துச் சொல்வார் என்று பார்த்தால், குழந்தையின் தொப்பியைச் சரிசெய்து, அப்பாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி, முறையாக எடுத்தார். பிறகு நான் அதை அவர்கள் போனுக்கு அனுப்பினேன். அவர்கள் போன பிறகு நாங்கள் இருவரும் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

பஞ்சவர்ணக்கிளிக் கூண்டில் அப்போதுதான் தீனி வைத்துக்கொண்டிருந்தார்கள். நீலமும் மஞ்சளுமாக ஒரு பெரிய கிளி, நகையைப் பரிசோதிப்பது போல ஒரு வேர்க்கடலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. நைனா பலகையைச் சத்தமாகப் படித்தார். தாயகம், தென் அமெரிக்கா. தீனி வைக்கும் ஊழியரிடம், "அவ்ளோ தூரத்துலருந்து எப்டிப்பா கொண்டாந்தாங்க, பிளைட்லயா?" என்றார்.

"இல்ல அண்ணாத்தே. இதோட வகையறா தான் அங்க. இது முட்டைய உடைச்சிகினு வந்ததே இந்தக் கூண்டுல தான். என் கையால ஊட்டி வளத்தேன். தமிள்ல கூப்ட்டா தான் வரும்."

"அப்ப போர்டுல ஊர மாத்திட வேண்டியது தான?"

"அத்த எப்டிண்ணா மாத்தறது? அது எந்த ஊரோ அத தான போடணும்."

இந்தப் பேச்சைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. காலையிலிருந்து சிரித்துச் சிரித்து உடம்பே லேசாகிவிட்டிருந்தது. அந்த லேசில், ஒன்பது நாளாக வராத வார்த்தை தானாக வெளியே வந்துவிட்டது. "நைனா, என் போர்ட மாத்திட்டாங்க" என்றேன்.

"இன்னா?"

"நான் இப்ப நார்வேக்காரி நைனா. ஏழு மாசம் ஆச்சி. நம்ம பாஸ்போர்ட்ட குடுத்துட்டேன்."

ஊழியர் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கூண்டுக்குப் போனார். நைனா கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி என்னிடம் கொடுத்தார். கிளி கடலையை உடைத்துத் தோலைக் கீழே போட்டது. அது பருப்பைத் தின்று முடிக்கும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் சிரிப்பு எங்கோ போயிற்று. கோபப்படுவார், அல்லது அழுவார், அல்லது தாத்தாவைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்: "டிக்கெட் இன்னா எடுத்த?"

"நைனா..."

"போர்டுல படிச்சேன். வெளிநாட்டவருக்குத் தனி டிக்கெட்டு. நீ இன்னா எடுத்த?"

"இந்தியர்."

"அப்ப ஏமாத்தி உள்ள வந்துகீறோம்" என்றார். "வா."

வந்த வழியே விடுவிடென்று நடந்தார். நான் பின்னால் ஓடினேன். பாதி வழியில், திரும்பிப் பார்க்காமலே, "பழைய பாஸ்போர்ட்ட இன்னா செஞ்சாங்க?" என்று கேட்டார். ரத்து என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள் என்றேன். "அது பரவால்ல. கையிலயாவது குடுத்தாங்க" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு அவரே பேசினார். "ரிட்டேர் ஆன அன்னிக்கு என் பாஸ வாங்கி வெச்சிகினாங்க. அடுத்த நாளு காலைல, டிபன் பாக்ஸ உள்ளயே உட்டுட்டு வந்தது ஞாபகம் வந்துச்சி. கேட்டாண்ட போனேன். நான் வேலைக்கு சேத்துவுட்ட பையன் தான் செக்யூரிட்டி. 'பாஸ் இல்லாம உட முடியாது அண்ணாத்தே'ன்னு சொல்லிட்டு, அவனே போயி எட்த்துகினு வந்து குடுத்தான். அவன் செஞ்சது கரெக்டு. ஆனா அன்னிக்குப் பூரா நான் சாப்புடல." அவர் இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை என்று பிறகு தெரிந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உதறவில்லை.

வாசலில் இருந்தவர், வெளியே போனால் திரும்ப வரப் புது டிக்கெட் எடுக்கணும் என்று எச்சரித்தார். "அதுக்கு தான் போறோம்" என்றார் நைனா. கவுண்டரில் அதே ஆள். நான் குனிந்து, "ஒரு இந்தியர், ஒரு வெளிநாட்டவர்" என்றேன். "ஃபாரினர் எங்கம்மா?" என்று எனக்குப் பின்னால் தேடினார். நான்தான் என்றேன். அவர் நிமிர்ந்து என்னை முதல்முறையாக முழுதாகப் பார்த்தார்.

"இன்னாம்மா, வேல நேரத்துல வெளாட்றியா? இப்ப தான ரெண்டு டிக்கெட்டு வாங்கிகினு போன?"

"தெரியாம எடுத்துட்டேண்ணா. நெசமாவே நான் வேற நாடு தான்."

"நீ பேசற பேச்சுக்கு உன்ன யாராவது ஃபாரினர்னு சொன்னா என்ன வேலைய உட்டுத் தூக்கிடுவாங்க. தள்ளும்மா, பின்னாடி ஆளு நிக்குது."

போனில் பாஸ்போர்ட்டின் படம் இருந்தது. எடுத்து நீட்டினேன். கண்ணாடியை மாட்டிப் பார்த்தவர், பிறந்த இடம் என்ற வரியில் விரலை வைத்து, "இதுல இந்தியானு தான போட்டுகீது" என்று வெற்றியோடு திருப்பிக் கொடுத்தார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து சிரிக்கவேண்டும் போலவும் அழவேண்டும் போலவும் இருந்தது. அப்போது நைனா என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மேலதிகாரியின் முன்னால் நிற்கும்போது அவர் அப்படிச் செய்வார்.

"சார், நான் கவர்மென்டு கம்பெனில முப்பத்தாறு வருஷம் வேல செஞ்சவன். பொய் சொல்ல மாட்டேன். இது என் பொண்ணு. நம்ம நாட்டுப் பொண்ணு இல்ல இப்ப. நார்வே நாட்டுப் பொண்ணு. எழுதிக்கங்க சார்."

குரல் ஒரே சீராக இருந்தது. வரிசையில் நின்ற ஒருவர், "டிக்கெட்ட கொறைக்க சண்ட போட்றவன பாத்துகீறேன், ஏத்தறதுக்கு சண்ட போட்றத இப்ப தான் பாக்கறேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கவுண்டரில் இருந்தவர் சிரிக்கவில்லை. இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

நுழைவாயிலில் இரும்புக் கம்பி அடித்துப் பிரித்த இரண்டு வழிகள். இடது பக்கம் இந்தியர் வரிசை, ஒரு பள்ளிக்கூடமே அதில் நின்றது. வலது பக்கம் வெளிநாட்டவருக்கானது, ஈ காக்கை இல்லை. நைனா என் டிக்கெட்டை என் கையில் திணித்து, "உன் வழி அது. போ" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் காலி வழியில் இறங்கினேன். அந்தக் கோடியில் நின்ற காவலர் என் கையில் இருந்த டிக்கெட்டின் நிறத்தைப் பார்த்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்து, "கம் மேடம், வெல்கம்" என்றார்.

கம்பிக்கு அந்தப் பக்கம் நைனாவுக்கு முன்னால் நின்ற வாத்தியார், என்னைக் காட்டி, "யாருங்க அது, உங்களுக்குத் தெரிஞ்ச ஃபாரினரா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"எங்க ஊட்ல பொறந்த ஃபாரினர் சார்" என்றார் நைனா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் அது அவருடைய பழைய சிரிப்புத்தான்.

காவலர் மறுபடியும் கூப்பிட்டார். எனக்கு முன்னால் யாரும் இல்லை, நாலு எட்டு வைத்தால் உள்ளே போய்விடலாம். நான் போகவில்லை. பிள்ளைகளின் வரிசை ஓர் அடி நகர்ந்தது, நைனாவும் ஓர் அடி நகர்ந்தார். கம்பியின் இந்தப் பக்கம் நானும் ஓர் அடி எடுத்து வைத்தேன்.